கிரீன்லாந்தில் மணி சொல்லுதல்: சொந்த எண்களா, டேனிஷ் எண்களா?

கிரீன்லாந்தின் இன்யூட் மொழியான கலாலிசூத்தில் மணி சொல்வதற்குச் சொந்த எண்கள், டேனிஷ் எண்கள் ஆகிய இரண்டும் இன்று புழக்கத்தில் உள்ளன. 2009 முதல் கலாலிசூத் மட்டுமே அங்கு ஆட்சிமொழி என்றாலும், எண்களில் டேனிஷின் பிடி தளர்ந்துவிடவில்லை.

சொந்த வழியில் 'கஸ்ஸிங்ஙொர்பா?' என்று கேட்பார்கள். எத்தனை ஆயிற்று என்பது பொருள். தமிழில் மணி என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதற்கு இது மிக அருகில் இருக்கிறது. இரண்டு என்னும் 'மார்லுக்' உடன் ஆதலைக் குறிக்கும் விகுதி சேர்ந்து, 'மார்லுங்ஙொர்பொக்' என்ற ஒரே சொல்லில் இரண்டு மணி ஆயிற்று என்னும் முழு வாக்கியமும் அடங்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமையின் பெயரான 'மார்லுங்ஙொர்னெக்' கூட இதே விகுதியால் அமைந்ததுதான். ஆகவே ஒன்றிலிருந்து ஆறு வரை மணி சொல்லக் கற்றவருக்குத் திங்கள் முதல் சனி வரையான கிழமைகளும் உடன் வந்துவிடுகின்றன. இந்த இலாபம் டேனிஷ் வழியில் கிடைக்காது.

இந்த எண்கள் விரல்களைத் தொட்டு எண்ணும் முறையில் பிறந்தவை. ஐந்து முடிந்ததும் மறு கைக்கும், பத்து முடிந்ததும் காலுக்கும் எண்ணிக்கை செல்கிறது. ஏழு 'அர்ஃபினெக்-மார்லுக்', பன்னிரண்டு 'அக்கனெக்-மார்லுக்' என இரண்டிலும் மார்லுக் வெளிப்படையாகவே நிற்கிறது. பழைய எண்ணிக்கை கைகால் விரல்கள் தீரும்வரை, அதாவது இருபது வரை சென்றது. இன்றைய வழக்கோ பன்னிரண்டுடன் நின்று, அதற்கு மேல் டேனிஷுக்கு மாறிவிடுகிறது. கடிகார முகப்புக்கு அது போதும். 13:50 என்று அச்சிட்ட விமான அட்டவணையை வாசிக்கப் போதாது.

அந்த ஐம்பதுக்கான டேனிஷ் சொல்லும் எளிதன்று. அது இரண்டரை இருபதுகள் என்ற பழைய கணக்கின் சுருக்கம்; அதன் உள்ளமைப்பு தெரியாதவர் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அலாஸ்காவின் காக்டோவிக் ஊரில் 1990களில் பள்ளி மாணவர்கள், இன்யூபியாக் மொழியின், இருபதை அடியாகக் கொண்ட எண்ணிக்கைக்கென்றே புதிய எண்ணுருக்களை உருவாக்கினார்கள்; 2022இல் அவை கணினி எழுத்துருக்களுக்கான உலகப் பொதுத் தரமான யூனிகோடில் இடம்பெற்றன. அறுபது நிமிடம் மூன்று இருபதுகளாகச் சீராகப் பிரிவதால், மணிக்கணக்குக்கு அம்முறை வெகுவாகப் பொருந்துகிறது. ஆனால் அது உறவு மொழியொன்றில் எழுந்த முயற்சி. கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கில் மணி சொல்ல உதவாது. அங்கு போகிறவர் முழு மணியைக் கலாலிசூத்திலும், பன்னிரண்டைத் தாண்டும் எண்களை டேனிஷிலும் சொல்லப் பழகுவதே சரி. முதலில் கற்க வேண்டியவை அந்தப் பன்னிரண்டு சொந்த எண்கள்தாம்.