கடல் உள்வாங்கியதா? இன்காய்ஸ் தளத்தை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரின் மதிப்பீடு

நாகர்கோவிலில் இருந்தபடி அறிவியல் செய்திகளை எழுதுவதும், கைப்பேசிகளில் பரவும் விசித்திரமான தகவல்கள் உண்மைதானா என்று சரிபார்ப்பதும் என் தொழில். இந்தத் தொழிலில் நான் மிகுதியாக நம்பியிருக்கும் சேவை, ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தின் இணையதளம். சுருக்கமாக இன்காய்ஸ் என்பார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.

ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில், மணவாளக்குறிச்சியில் இருக்கும் மீனவ நண்பர் அழைத்தார். "அண்ணே, கன்னியாகுமரியில கடல் உள்வாங்கிட்டுன்னு வீடியோ வருது. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிரவா?" என்று கேட்டார். அவருடைய பயத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கொளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் நேர்ந்ததை அறிந்தவர் அவர். அன்று சுமத்ராவுக்கு அருகே காலை 6.29 மணிக்கு நிலம் அதிர்ந்தது. பேரலை நம் கரையைத் தொட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியும், இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு ஒன்று அப்போது இல்லாததால், யாரும் நமக்குச் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2007இல் இன்காய்ஸில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

நண்பரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு சுனாமிப் பக்கத்தைத் திறந்தேன். கடலடியில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால் சுமார் பத்து நிமிடங்களுக்குள் அங்கே முதல் அறிக்கை வந்துவிடும். அன்று அப்படி எதுவும் இல்லை. கடல்மட்டத்தை அளக்கும் நிலையங்களின் வரைபடத்திலும் கோடு வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சூரியனும் நிலவும் பூமியும் ஒரே நேர்கோட்டை ஒட்டி நிற்பதால் ஏற்றம் கூடுதலாகவும் வற்றம் ஆழமாகவும் இருக்கும். நீர்மட்டம் தாழ்ந்து விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவதை நிறுத்திவைக்கும் நாட்கள் பெரும்பாலும் இவைதான். வீடியோவில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அந்தக் காட்சியில் பாலமே இல்லை. பழைய வீடியோவை அன்றைய செய்தியாக்கி வெளியிட்ட யூடியூப் சேனலுக்கு எழுதினேன். பதில் வரவில்லை, வீடியோவையும் நீக்கவில்லை. எத்தனை குடும்பங்கள் அன்று தூக்கத்தைத் தொலைத்தனவோ என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆபத்து இல்லாதபோது இல்லை என்று வெளிப்படையாகச் சொல்வதுதான் இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பண்பு. 2025 ஜூலை 5 அன்று பெரும் சுனாமி வரும் என்று ஒரு ஜப்பானியச் சித்திரக்கதையை ஆதாரம் காட்டிய செய்தி உலகெங்கும் பரவியது. அந்த நாள் அமைதியாகவே கழிந்தது. ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சட்கா அருகே 8.8 அளவில் நிலம் அதிர்ந்தபோது, "பார்த்தீர்களா, பலித்துவிட்டது" என்று கிளம்பினார்கள். நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்த அறிவியல் முறையும் இல்லை. அதிர்ந்த பிறகு அலை எங்கே, எப்போது வரும் என்றுதான் கணக்கிட முடியும். அப்படிக் கணக்கிட்டு, இந்தியாவுக்கு ஆபத்து இல்லை என்று இன்காய்ஸ் அறிவித்தது. ஆழ்கடலில் வாழும் துடுப்பு மீன் வலையில் சிக்கினால் நிலநடுக்கம் வரும் என்ற நம்பிக்கையும் இதே வகைதான். ஜப்பானில் 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 நிகழ்வுகளை ஆய்வாளர்கள் நிலநடுக்கப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது.

சுனாமியைவிட நம் கரைக்கு அடிக்கடி வரும் ஆபத்து கள்ளக்கடல். உள்ளூரில் காற்று வீசாமலே, தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயலில் எழும் அலைகள் பயணித்து வந்து திடீரெனக் கரையேறும். மீனவர்கள் வைத்த இந்தப் பெயரையே யுனெஸ்கோ 2012இல் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதத் தொடக்கத்தில் இன்காய்ஸ் இதற்கான எச்சரிக்கையை விடுத்திருந்தது. மே 6 அன்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. பொய்ச் செய்தி கேட்டு நள்ளிரவில் ஓடும் நாம், உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் அலையில் கால் நனைக்க நிற்கிறோம்.

தளத்தைப் பார்க்கத் தொடங்குபவர்கள் அலை உயரத்தைப் படிக்கும் முறையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 2 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று பொருளல்ல. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையிடையே ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு உயரத்திலும் தனி அலை எழக்கூடும். மீன்வளம் மிகுந்த பகுதிகளைச் சொல்லும் அறிக்கை தமிழிலும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும் மற்ற பக்கங்களைப் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தால் பிடிபட்டுவிடும்.

மணவாளக்குறிச்சி நண்பர் இப்போது என்னை அழைப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறார். "இண்ணைக்கு 1.8 போட்டிருக்கு, வள்ளம் இறக்கலாமாண்ணே?" என்று போன வாரம் கேட்டார். துறையில் இருக்கும் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறக்கச் சொன்னேன்.