மழை மாதங்களுக்கு ஒரு ஸ்குவாட் ஸ்டாண்ட்: சைக்கிள் ஓட்டுபவர்கள் வாங்கலாமா?

ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்காகத் தனித்தனியாக நிற்கும் இரண்டு தூண், 5 அடி ராடு, ஒரு ஜோடி டம்பெல் ராடு, மொத்தம் 50 கிலோ பிளேட். ‘ஹோம் ஜிம் செட்’ என்று பெட்டியில் வரும் இந்த வகை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈசிஆர் பக்கம் சைக்கிளை எடுக்க முடியாத புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்குப் போதுமா? போதும். ஆனால் பெட்டிப் படத்தில் காட்டியிருக்கிறபடி பயன்படுத்தினால் போதாது.

இந்தக் கடற்கரையில் மேடு கிடையாது, எதிர்காற்று உண்டு. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால், மரக்காணத்திலிருந்து திரும்பும் வழியெல்லாம் அழுத்தி மிதித்துக்கொண்டே வர வேண்டும். தொடையும் பிட்டமும் வலுவானால் ஒவ்வொரு மிதிக்கும் மொத்த பலத்தில் சிறு பங்குதான் செலவாகும், களைப்பும் தள்ளிப்போகும். தவிர, சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை இல்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. எலும்புக்காகவாவது எடை தூக்கத்தான் வேண்டும்.

தூண்களின் இரும்பில் பெரிய குறை இல்லை. உயரம் மாற்றும் துளைகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று கடையிலேயே பாருங்கள். 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் உங்கள் உயரம் இரண்டு துளைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். முட்டியை லேசாக மடக்கி நின்றால் ராடு தோளில் உட்கார வேண்டும், அதுதான் கணக்கு. குதிகாலைத் தூக்கி எட்டுகிற உயரத்தில் வைத்தால் எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. களைத்துப்போய்த் திரும்ப வைக்கும்போது ஒரு பக்கம் கொக்கியைத் தவறவிடும். போர்டிகோவிலும் மாடி ஷெட்டிலும் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். தூண் ஆடும். 18 மி.மீ. பிளைவுட் விரித்து, தாழ்ந்த பக்கத்தில் சக்கை கொடுத்து மட்டம் பாருங்கள். பிளேட்டைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தை மொத்தமாகக் கழற்றினால் மறுபக்கம் கவிழும்.

ராடுதான் சீக்கிரம் கெடும். உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்புக்காக வெட்டிய சொரசொரப்பிலும் மரையிலும் ஏறும். வியர்வையை அன்றைக்கே துடைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை நைலான் பிரஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். பிளேட்டில் சிமென்ட் அடைத்த பிளாஸ்டிக் வகையைத் தவிர்த்துவிடுங்கள். நாலு முறை கீழே விழுந்தால் விரிசல் விட்டு உள்ளேயிருந்து தூள் கொட்டும்.

பெரிய குறை, தவறினால் ராடைத் தாங்கப் பக்கவாட்டுக் கை எதுவும் இல்லாதது. தனியாகப் பயிற்சி செய்பவர் இந்தத் தூண்களில் ராடைப் போட்டு முக்கி முக்கி ஸ்குவாட் செய்வது ஆபத்து. 70 கிலோ ஆளின் இரண்டு காலுக்கு 50 கிலோவும் சில மாதங்களில் பத்தாமல் போய்விடும்.

இரண்டுக்கும் ஒரே வழி ஒற்றைக்கால் ஸ்குவாட். மிதிப்பதும் ஒவ்வொரு காலாகத்தானே! பின்காலை முட்டி உயர ஸ்டூலில் வைத்து, முன்காலின் குதியில் எடையை இறக்கி, தொடை தரைக்கு இணையாகும் வரை போய் எழுங்கள். பிளேட்டை டம்பெல் ராடுகளில் மாட்டிக் கையில் பிடித்தால், முடியாதபோது கீழே விட்டுவிடலாம். முதல் இரண்டு வாரம் வெறுங்கையோடு 10 முறை, 3 சுற்று. பிறகு கைக்கு 5 கிலோவில் தொடங்கி, காலுக்கு 6 முதல் 8 முறை, 3 சுற்று, நடுவில் 2 நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு முறை முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். 8 முறையும் சுத்தமாக வந்த பிறகுதான் எடையை ஏற்ற வேண்டும். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் எடை அதிகம் என்று அர்த்தம். முட்டி பாதவிரல் போகும் திசையிலேயே போக வேண்டும். வெறுங்கால் அல்லது தட்டையான ஷூ நல்லது. ரன்னிங் ஷூவின் மெத்தென்ற அடிப்பாகம் ஆடும்.

5 அடி ராடை வீணாக்க வேண்டாம். முதுகை நேராக வைத்து இடுப்பைப் பின்னால் தள்ளி ராடை முட்டிக்குக் கீழே வரை இறக்கும் டெட்லிஃப்டுக்கு அது நல்ல துணை. சைக்கிளில் அதிகம் உழைக்காத பின்தொடைக்கு இது அவசியம். ஆனால் 100 கி.மீ. குனிந்து ஓட்டிவிட்டு இறங்கின கையோடு செய்யாதீர்கள், முதுகு ஏற்கெனவே களைத்திருக்கும்.

மழைக்காலத்தில் வாரம் 2 நாள், தை பிறந்து நீண்ட ஓட்டங்கள் தொடங்கியதும் 1 நாள். ஞாயிறு நீண்ட ஓட்டம் என்றால் செவ்வாயும் வியாழனும் வசதி. கால்வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும் என்பதால், 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய 200 கி.மீ. பிஆர்எம் என்ற நீண்ட தூர சைக்கிள் ஓட்டத்துக்கு முந்தைய 5 நாள் காலுக்கு எடையே வேண்டாம்.

இரண்டு கால் ஸ்குவாட்தான் வேண்டும் என்பவர்கள் இந்தச் செட்டை விட்டுவிடுங்கள். பக்கவாட்டுக் கை உள்ள ரேக், 7 அடி நீள 20 கிலோ ராடு, 50 மி.மீ. துளை பிளேட் என்று தொடக்கத்திலேயே வாங்குங்கள். இந்தச் செட்டின் பிளேட்டுகள் சிறு துளை கொண்டவை, அந்த ராடில் ஏறாது.