கோலிக்குண்டு முதல் தையல்கடை வரை: எடை குறைத்ததற்கு எனக்கு நானே கொடுத்த பரிசுகள்

பதினான்கு மாதங்களுக்கு முன்னால் என் எடை 94.6 கிலோ. போன வாரம் பார்த்தபோது 85.1. எப்படிக் குறைத்தேன் என்று சொல்ல நான் உட்காரவில்லை. அதில் புதிதாக ஒன்றும் கிடையாது. கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டேன், நிறைய நடந்தேன், அவ்வளவுதான். சொல்ல வந்தது, நடுநடுவே எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பரிசுகளைப் பற்றி. தாராளமாகச் செலவு செய்கிற நிலையில் நான் இல்லை. அப்படியிருந்தும் வாங்கியதில் பாதி வீண். எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதி வைத்தால் இன்னொருவருக்காவது காசு மிச்சமாகும்.

பரிசு என்றதும் கை முதலில் தட்டுக்குத்தான் போகும். முதல் இரண்டு கிலோ குறைந்த அன்று நானும் அதைத்தான் செய்தேன். மூன்று வாரம் வாயைக் கட்டியதற்குக் கூலியாக ஒரே மாலையில் மூச்சு முட்டச் சாப்பிட்டேன். சாப்பிட்டது தப்பில்லை. ஆனால் மறுநாள் காலையில், பரோல் முடிந்து திரும்பி உள்ளே போகிறவன் மாதிரி இருந்தது. பரிசு வாங்கியவனுக்கு அப்படி இருக்கக் கூடாது இல்லையா? அன்றோடு சாப்பாட்டைப் பரிசுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆசைப்பட்டால் சாப்பிடுவேன், அதற்குப் பரிசு என்று பெயர் வைப்பதில்லை.

அடுத்து வந்தது கோலிக்குண்டு. மகள் சின்ன வயதில் விளையாடிய கோலிகள் ஒரு டப்பாவில் கிடந்தன. இரண்டு கண்ணாடி பாட்டில்களைக் கழுவி எடுத்தேன். ஒன்றில் இருபது கோலி, மற்றது காலி. அரைக் கிலோ குறைந்தால் ஒரு கோலி இங்கிருந்து அங்கே போகும். செலவு பூஜ்யம். முதல் கோலி காலி பாட்டிலின் அடியில் விழுந்தபோது 'டண்' என்று கேட்டது. சமையலறையிலிருந்து "என்ன உடைஞ்சது?" என்று குரல் வந்தது. நாற்பத்தேழு வயதில் அந்தச் சத்தத்துக்காக ஒரு வாரம் காத்திருப்பேன் என்று நினைத்தே பார்த்ததில்லை.

சிக்கல் ஆறாவது வாரம் வந்தது. ஆறு நாள் விடாமல் நடந்திருந்தேன், எடையோ 900 கிராம் ஏறியிருந்தது. சட்டப்படி ஒரு கோலியைத் திருப்பிப் போட வேண்டும். போட்டேன். யாரோ என் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் விஷயத்தைத் தேடிப் படித்தேன். தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைக்கிற சர்க்கரைக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பு கூடினாலும் உடம்பில் தண்ணீர் தங்கும். ஓரிரு நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவதெல்லாம் சாதாரணம். கொழுப்பு அந்த வேகத்தில் ஏறுவதில்லை. ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7,700 கலோரி. ஆக, வந்து போகிற தண்ணீருக்காக நான் எனக்கு அபராதம் போட்டிருக்கிறேன்!

உடனே சட்டத்தைத் திருத்தினேன். இனிமேல் கோலி எடைக்குக் கிடையாது, நடைக்கு. நாற்பது நிமிட நடை ஐந்து முடிந்தால் ஒரு கோலி. ஐந்து கோலி சேர்ந்தால் ஒரு பரிசு. "அப்பா, தோக்கிற மாதிரி இருந்தா ரூல்ஸை மாத்துறீங்க" என்றாள் மகள். சரிதான். ஆனால் தராசு என்ன காட்டும் என்பது என் கையில் இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவது என் கையில் இருக்கிறது. கோலி அதற்கப்புறம் பின்னால் போனதே இல்லை. நான் செய்ததிலேயே முழு மதிப்பெண் இதற்குத்தான். இந்த ஒரு திருத்தம் இல்லாவிட்டால் மற்ற பரிசுகள் வரை வந்திருக்கவே மாட்டேன்.

முதல் ஐந்து கோலிக்கு வாங்கியது ஒரு மலிவான ஸ்மார்ட் வாட்ச். பெயர் வேண்டாம். இருப்பதிலேயே பெரிய செலவும் அதுதான், பெரிய ஏமாற்றமும் அதுதான். பல் தேய்த்தால் காலடி எண்ணியது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு கடை முழுக்கச் சுற்றினால் ஒன்றும் எண்ணவில்லை, கை அசையவில்லையாம். ஒரு நாள் உட்கார்ந்த இடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பத்தாயிரம் அடி முடிந்ததாகத் திரையில் வாணவேடிக்கை காட்டியது. அந்தப் பத்தாயிரத்துக்கு ஒரு கதை உண்டு. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு 'மன்போ-கெய்' என்று பெயர். 'பத்தாயிரம் அடி அளவி' என்று அர்த்தம். மருத்துவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டு வந்த எண் அல்ல, விற்பதற்காக வைத்த பெயர். அது தெரிந்த பிறகு வாணவேடிக்கை மேல் இருந்த மரியாதையும் போய்விட்டது. மூன்றாவது மாதம் பட்டை அறுந்தது. அந்த அளவில் தனிப்பட்டை வருவதில்லை என்றார்கள். இப்போது மேஜை டிராயரில் மணி மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கு நேர்மாறு, சாக்ஸ். இதைப் பரிசு என்றால் சிரிப்பீர்கள். குதிகாலிலும் விரல் நுனியிலும் துவாலைத் துணி மாதிரி தடிமனாக நெய்த நடை சாக்ஸ், இரண்டு ஜோடி. அதற்கு முன்னால் வலது குதிகாலில், ஷூவின் விளிம்பு உரசும் இடத்தில், எனக்கு ஒரு கொப்புளம் நிரந்தரக் குடியிருப்பு. ஆறும், மறுபடி உடையும். பிளாஸ்திரி ஒட்டி, அது வியர்வையில் சுருண்டு, அந்தச் சுருளே இன்னொரு பக்கம் உறுத்தும். இந்த சாக்ஸ் போட்ட இரண்டாவது வாரம், குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது விரலால் தடவிப் பார்த்தேன். எரியவில்லை. ஒரு குறை: துவைத்தால் காய ஒன்றரை நாள் ஆகிறது. அதனால்தான் இரண்டு ஜோடி.

கிட்டத்தட்ட சும்மாவே கிடைத்தது ஒலிப்புத்தகம். நூலகச் செயலியில் உறுப்பினராகச் சேர்ந்தால் காசில்லாமல் கேட்கலாம். துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டேன்: நடக்கும்போது மட்டும்தான் கேட்க வேண்டும். வீட்டு வாசலில் கால் வைத்ததும், கொலைகாரன் யார் என்று தெரியாவிட்டாலும் நிறுத்திவிட வேண்டும். மூன்று முறை தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மேனும் அவருடைய சகாக்களும் இதையே ஆராய்ச்சியாகச் செய்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. விறுவிறுப்பான ஒலிப்புத்தகங்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடிகிற மாதிரி வைத்தார்கள். அந்தக் குழு மற்றவர்களைவிட ஆரம்பத்தில் 51 சதவீதம் அதிகமாகக் கூடத்துக்கு வந்தது. நடுவில் ஒரு விடுமுறை வந்ததும் அந்த வேகம் தேய்ந்துவிட்டது. எனக்கும் அதே கதைதான். காய்ச்சலில் பத்து நாள் படுத்தேன், கதையின் நூல் விட்டுப்போனது. யார் யாருக்கு மச்சான் என்றே மறந்துவிட்டது. புதுக் கதை ஆரம்பித்துத்தான் மறுபடி வெளியே போனேன். ஆகவே நல்ல பரிசு, ஆனால் இடைவெளி விட்டால் கெட்டுப்போகிற சரக்கு.

சட்டை வாங்கியது முட்டாள்தனம். ஒரு அளவு சின்னதாக வாங்கி அலமாரிக் கதவில் தொங்கவிட்டால் ஊக்கம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டேன். தினமும் காலையில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சட்டை 'இன்னும் வரலையா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அது பொருந்தியபோது நிறம் பிடிக்காமல் போயிருந்தது. இன்னும் செய்யாத வேலைக்கு முன்பணம் கொடுத்து வாங்குவதைப் பரிசு என்று சொல்ல முடியாது. அது கடன்.

இரண்டு மணி நேரத் தனிமை என்று ஒன்றும் முயன்று பார்த்தேன். ஞாயிறு மதியம் போனை அணைத்துவிட்டு, யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்து, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. அருமையாக இருந்தது. ஆனால் மனைவி கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: "உங்களுக்கு உடம்பு குறைஞ்சதுக்கு ரெண்டு மணி நேரம் சரி, எனக்கு எது குறைஞ்சா ரெண்டு மணி நேரம் கிடைக்கும்?" இப்போது ஒரு வாரம் எனக்கு, ஒரு வாரம் அவளுக்கு.

கடைசியாகத் தையல்கடை. எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்கு அது 89.9 கிலோ. அதற்குள் பேன்ட்டெல்லாம் பெல்ட்டின் தயவில் நின்றன. இறுக்கினால் முன்பக்கம் கொசுவம் மாதிரி மடிப்பு விழும். புதிது வாங்க மனமில்லை, இன்னும் குறையும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இருப்பதிலேயே நல்ல இரண்டு பேன்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். புதுப் பேன்ட்டின் விலையில் ஒரு துளிதான் கூலி.

தையல்காரர் போட்டுக்காட்டச் சொன்னார். பின்னால் நின்று இடுப்புப் பட்டியின் நடுவில் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். இஞ்ச் டேப்பைச் சுற்றினார். "நாற்பது இருந்தது, முப்பத்தெட்டு வைக்கலாம் சார்" என்றார். யாருக்கும் சொல்லாமல் நான் சேர்த்து வைத்திருந்த செய்தியை ஒரு அந்நியர் சத்தமாகப் படித்த மாதிரி இருந்தது. சாக்கட்டியால் கோடு போட்டு, குண்டூசி குத்திவிட்டுக் கேட்டார்: "மிச்சத் துணியை வெட்டிடவா, உள்ளேயே மடிச்சு விடவா?"

ஏன் கேட்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்ப ஏறினால் பிரித்துவிடலாம்.

"உள்ளேயே விடுங்க" என்றேன்.

இரண்டு நாளில் கிடைத்தது. தையல் நேர்த்தி, பட்டியில் சுருக்கமில்லை. குறை என்றால், உள்ளே விட்ட துணி நாற்காலியில் சாயும்போது முதுகுத்தண்டுக்குக் கீழே லேசாக உறுத்தும். அடுத்த இரண்டு பரிசுக்கும் வேறு எதையும் யோசிக்காமல் மிச்சப் பேன்ட்டுகளை அங்கேயே கொடுத்தேன்.

போன வாரம், பத்து சதவீதத்துக்கு, அந்த முதல் பேன்ட்டையே மறுபடி கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுதான் கடைசி சார், இதுக்கு மேல பிடிச்சா பின் பாக்கெட் ரெண்டும் ஒட்டிக்கும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கூட்டம் இருந்தது, நானும் கிளம்பிவிட்டேன். வாங்கி வந்து கட்டிலில் போட்டு உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மிச்சத் துணியை வெட்டியிருந்தார். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.