நுண்ணலையை விழுங்க எது சரி: செப்பு வளையமா, அந்துப்பூச்சிக் கண்ணா?

அன்டெனா செய்து சோதிக்கும் மாணவருக்குப் பெரிய தலையிடி சுவர்தான். அலை அதில் பட்டுத் திரும்பி வந்து அளவீட்டைக் குழப்பிவிடும். சோதனைப் பெட்டியின் உட்புறத்துக்கு அலையை விழுங்கும் ஏதாவது வேண்டும். யாழ்ப்பாணத்தில் கிடைப்பதை வைத்துச் செய்யக்கூடியது எது?

அதிகம் பேசப்படுவது செப்பு மெட்டாமெட்டீரியல், அதாவது பதித்த சிறு வடிவங்களால் அலையைக் கட்டுப்படுத்தும் செயற்கை அமைப்பு. 2008இல் லேண்டி, ஸ்மித், பெடில்லா குழுவினர் மெல்லிய சர்க்யூட் போர்டில் முன்னால் செப்பு வளையங்களும் பின்னால் செப்புக் கோடுகளும் பதித்து, 11.5 கிகாஹெர்ட்ஸில் 88 சதவீதம் உறிஞ்சிக் காட்டினார்கள். தடிப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அழகான வேலை, சந்தேகமில்லை. ஆனால் அது பரிவை (ஒரு குறிப்பிட்ட மீடிறனில், அதாவது அதிர்வெண்ணில், மட்டும் பலமாக அதிர்வதை) நம்பி நிற்பது. மீடிறன் சற்று விலகினாலே உறிஞ்சல் விழுந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. வலுவில் 12 சதவீதம் தப்பித் திரும்பினால், மின்புலத்தின் வீச்சத்தில் அது கிட்டத்தட்ட 35 சதவீதம். அன்டெனா அளவீட்டைக் கெடுக்க அது தாராளமாகப் போதும்.

அந்துப்பூச்சியின் கண் வேறு வழியில் போகிறது. அதன் மேற்பரப்பில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய முனைகள் நெருக்கமாக நிற்கின்றன. அதனால் முறிவுச் சுட்டி (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) திடீரென மாறாமல் படிப்படியாக மாறுகிறது. ஒளி மோதித் திரும்ப இடமில்லை. இதையே சென்டிமீட்டர் அளவில் செய்தால் அன்டெனா ஆய்வுக்கூடங்களில் காணும் கூம்பகங்கள். ஆனால் வடிவம் அலையை உள்ளே விடும், அவ்வளவுதான். விழுங்குவதற்கு, அலையை வெப்பமாக்கும், மின் கடத்தும் கரி வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிச் சிறகின் சுருள்வலை (gyroid) அமைப்பை முப்பரிமாண அச்சில் எடுப்பது மூன்றாவது வழி. நல்ல பிரின்டரும் கரி கலந்த இழையும் இருப்பவர்கள் முயலலாம்.

என் தெரிவு கூம்பகம். மலேசிய ஆய்வாளர்கள் உமியைப் பிசினோடு கலந்து கூம்பகம் செய்திருக்கிறார்கள். நமக்கு உமிக்கும் குறைவில்லை, பனங்கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் கொட்டை ஓடான ஊமலுக்கும் குறைவில்லை. ஊமல் கரியை இதற்குப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நிரம்ப ஆசை. ஆனால் அடுப்பில் வெந்த கரி மின்னைச் சரியாகக் கடத்தாது. காற்றுப் புகாமல் 700, 800 பாகை செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பொடியை ஒரு சிறு குழாயில் இறுக்கி, இரு முனையிலும் உலோகத் துண்டு வைத்து மல்டிமீட்டரால் தடையைப் பாருங்கள். முள் அசையவே இல்லையென்றால் திரும்பச் சுட வேண்டியதுதான்.

குறை என்னவென்றால் இடம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே 12.5 சென்டிமீட்டர், கூம்பகமும் ஏறத்தாழ அந்த உயரத்துக்கு வர வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸ் என்றால் 3 சென்டிமீட்டர்தான். அப்புறம் மாரி காலம்: உமி ஈரம் இழுக்கும், மேலே மெல்லிய பூச்சு தேவை. உப்புக் காற்றில் செப்பும் களிம்பேறும், ஆகவே அந்த விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். எல்லாச் சுவருக்கும் போதாவிட்டால், அன்டெனா நேரே பார்க்கும் சுவருக்கு முதலில் ஒட்டுங்கள்.