சுப்பீரியரில் இறங்கக் கயாக்கா, கேனோவா?

எங்கள் கொட்டகையில் இரண்டும் கிடக்கின்றன: நாலு கோடை ஓட்டிய, மேலே திறந்த பதினாறடி கேனோ; போன வருடம் வாங்கிய, உட்காரும் குழி தவிர மேலே மூடிய பதினேழடி கடல் கயாக். வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குக் கிளம்பினால் கார்மேல் ஏறுவது இப்போதெல்லாம் கயாக்தான்.

வசதி என்று பார்த்தால் கேனோவே மேல். மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பலாம். கயாக்கில் எல்லாவற்றையும் சின்னச் சின்னப் பைகளாக்கிக் குறுகிய மூடிவழியே திணிக்க வேண்டும். கனடாவின் அல்கான்குவின் பூங்கா மாதிரி, ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகைத் தோளில் சுமக்கும் இடங்களில் கயாக்கை நினைத்தும் பார்க்காதீர்கள்.

ஆனால் சுப்பீரியர் வேறு ரகம். ஏரி என்றதும் நமக்குக் கரையும் மதகும்தான் ஞாபகம் வரும். இது 82,100 சதுர கிலோமீட்டர், ஆழம் 406 மீட்டர் வரை. 1975 நவம்பரில் 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்ற சரக்குக் கப்பலையே 29 பேரோடு விழுங்கிய தண்ணீர்.

என்னைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: படகுக்குள் தண்ணீர் வந்தால் என்ன ஆகும்? சுப்பீரியரின் அகாவா விரிகுடாவில் ஒருநாள் மதியம் காற்று எழும்பி, அலை கேனோவின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. மனைவி துடுப்புப் போட, நான் வாளியால் இறைத்தேன். கரை பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம். நிரம்பிய கேனோவில் பல நூறு லிட்டர் தண்ணீர் நிற்கும். நடு ஏரியில் தனி ஆளாக அதைக் காலி செய்வது நடக்கிற காரியமில்லை. கடல் கயாக்கில் முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்த அறைகள் உண்டு. கவிழ்ந்தாலும் தண்ணீர் ஏறுவது உட்காரும் குழியில் மட்டும். துடுப்பு நுனியில் காற்றுப்பையை மாட்டி, அதை ஊன்றி ஏறி, பம்பால் இறைத்துவிடலாம்.

இதில் நேரம்தான் உயிர். குளிர்நீரில் விழுந்தவருக்கு திணறும் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம், நினைவு தப்புமுன் ஒரு மணி நேரம் என்பது மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு. அந்தப் பத்து நிமிடத்துக்குள் கயாக்கில் ஏறிவிட முடியும். சும்மா அல்ல, நான் அமைதியான குட்டி ஏரியில் இருபது தடவையாவது கவிழ்ந்து பழகினேன். உடம்பில் தண்ணீர் படாமல் காக்கும் டிரை சூட் இல்லாமல் இரண்டிலுமே இறங்கக் கூடாது.

கேனோக்காரர்கள் அகாவா பாறையைக் காட்டுவார்கள். இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் அதில் செங்காவியில் தீட்டிய மிஷிபெஷு என்ற நீர் ஆவிக்குப் பக்கத்திலேயே கேனோக்களும் இருக்கின்றன. நியாயம்தான். அந்தக் காலத்தில் விலங்குகளின் மென்மயிர்த் தோல் விற்ற வணிகர்களும் பதினொரு மீட்டர் கேனோவில் இதே ஏரியில் போனவர்கள்தான். ஆனால் அதில் பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட்டார்கள். காற்று எழும்பினால் கரையேறி நாள்கணக்கில் காத்தும் கிடந்தார்கள். நமக்குத் திங்கட்கிழமை வேலை இருக்கிறது.

கேனோமேல் துணி மூடி கட்டி அலையைத் தாங்குகிறவர்களும் உண்டு. நான் அப்படி ஓட்டியதில்லை, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

மனைவிக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆளுக்கொரு கயாக் என்றால் பேசிக்கொண்டே போக முடியாதாம். இருவர் அமரும் கயாக்கை ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். அன்று காற்றே இல்லை.