தம்பிக்கு நீல அட்டை எடுத்த மூன்று வாரம்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் ஊருக்குக் கிளம்பினேன். இந்தமுறை கல்யாணம், கோயில் என்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தம்பியின் மாற்றுத்திறனாளி அட்டை வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன்.

அவனுக்கு வயது 34. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். நாம் பேசுவது எல்லாம் புரியும். கை கால்தான் இறுகிப்போய் மடங்கியே இருக்கும். இத்தனை வருஷமாக அவனைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அம்மாதான். அம்மாவுக்கு இப்போது 67.

வீட்டில் கையால் எழுதிக் கொடுத்த பழைய அடையாள அட்டைப் புத்தகம் இருந்தது. அது போதும் என்று அம்மா நம்பியிருந்தார். 2021 ஜூனிலிருந்து ஊனச் சான்றிதழ் எல்லாமே யு.டி.ஐ.டி. என்ற, நாடு முழுக்க மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரே மாதிரி அட்டை தரும் இணையதளம் வழியாகத்தான் கொடுக்கிறார்கள் என்பதை வீடு தேடி வந்து யார் சொல்லப்போகிறார்கள்?

இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்த பெண் தம்பியின் ஆதாரைப் பார்த்துவிட்டு, "அக்கா, முதல்ல போன் நம்பரை மாத்திட்டு வாங்க" என்றாள். அதில் இருந்தது அப்பாவின் நம்பர். அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. நம்பரை மாற்றக் கைரேகை வேண்டும், தம்பியின் விரல்களோ விரியாது. கடைசியில் கருவிழியை வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். தலை ஆடாமல் இருக்க அம்மா அவன் தாடையைப் பிடித்துக்கொண்டார். நான்காவது தடவை பதிவாகிவிட்டது. அந்த ஆபரேட்டர் கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை. அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில்தான் மனசு நொந்துபோனது. ஊனச் சான்றிதழுக்கான பரிசோதனைக்கு வாரத்தில் ஒரு நாள். எலும்பு டாக்டர் இருப்பது முதல் மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஆட்டோ ஓட்டி வந்த அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். மேலே போனால் டாக்டர் லீவு, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். இறங்கும்போது தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். பயந்தால் அப்படித்தான் செய்வான்.

மறுவாரம் நான் தூக்கவில்லை. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுப் போய், "தம்பியால் ஏற முடியாது" என்று மட்டும் நர்ஸிடம் சொன்னேன். அவர் மேலே போன் போட்டார். பத்து நிமிஷத்தில் டாக்டரே இறங்கி வந்து, ஆட்டோவுக்குள் குனிந்து தம்பியின் கால்களை மெதுவாக நீட்டிப் பார்த்து, அவனிடமே பேர் கேட்டு எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்றால் முதல் வாரமே ஒருவர் சொல்லியிருக்கலாமே! பழைய அரசுக் கட்டடங்களையும் ஐந்து வருஷத்துக்குள் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகத் தோதாக மாற்ற வேண்டும் என்கிறது 2016-ஆம் வருஷத்துச் சட்டம். அதற்கான விதிகள் 2017-இலேயே வந்துவிட்டன.

அப்போதே டாக்டரிடம் இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். சான்றிதழில் 'நிரந்தரம்' என்று குறிக்க வேண்டும். தற்காலிகம் என்று போட்டுவிட்டால் கெடு முடிந்ததும் அம்மா மறுபடி அலைய வேண்டியிருக்கும். உங்கள் வீட்டுக்கும் எடுப்பதாக இருந்தால் இதை மறக்காமல் கேளுங்கள். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அட்டை நீல நிறம்; தம்பிக்கு அதுதான்.

உதவித்தொகையில் எங்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. தாலுகா ஆபீஸ் வழியாக வருவாய்த்துறை கொடுக்கும் ஓய்வூதியம் வேறு. அது 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு, அது 2,000. இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம். பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு அம்மா தாலுகா ஆபீஸுக்குப் போகத்தான் இருந்தார். ஆஸ்பத்திரி வரிசையில் மகளோடு நின்ற ஓர் அம்மாதான், "உங்களுக்கு ரெண்டாயிரம் வரும், கலெக்டர் ஆபீஸ்ல நலத்துறைக்குப் போங்க" என்று வழி காட்டினார். ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும் நிராமயா காப்பீட்டைப் பற்றியும் அவர்தான் சொன்னார். அரசாங்க பெஞ்சில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதில் பாதி, பக்கத்தில் இருந்த தாய்மார்கள் சொன்னது.

பேங்க் கணக்கு திறப்பதில் சிரமமே இல்லை. மேனேஜர் வெளியே வந்து ஆட்டோவிலேயே பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்.

அட்டை நான் திரும்பிய பிறகு தபாலில் வந்தது. தம்பி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி அம்மா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். உதவித்தொகை மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குச் சித்தப்பா ரசீதோடு போகிறார். அன்று காலை வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறேன்; அவர் அங்கிருந்து கூப்பிடும்போது நான் போனில் இருக்க வேண்டும்.