டிசிஇ கலந்த குழாய்நீருக்குக் கார்பன் பிளாக் ஃபில்டர்: வாங்கலாமா?

சிங்க்குக்கு அடியில் மாட்டும் கார்பன் பிளாக் (கட்டியாக அழுத்திய கார்பன்) ஃபில்டர், தொழிற்சாலைக் கரைப்பான்களான டிசிஇ (டிரைகுளோரோஎத்திலீன்), பிசிஇ (டெட்ராகுளோரோஎத்திலீன்) இரண்டையும் நன்றாகவே பிடிக்கும். கொடுக்கும் காசுக்குக் குறைவில்லை. ஆனால் அட்டைப்பெட்டியில் 'கார்பன்' என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

பார்க்க வேண்டியது சான்றிதழ் எண். அமெரிக்கத் தரநிலையில் என்எஸ்எஃப் 42 என்பது குளோரின் வாடையும் சுவையும் மட்டும். நமக்கு வேண்டியது என்எஸ்எஃப் 53. அதிலும் 'விஓசி' (எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள்; டிசிஇயும் இதில் அடக்கம்) என்ற வரி தனியாக இருக்க வேண்டும். 53 ஈயத்துக்கும் உண்டு. ஈயத்துக்கு மட்டும் 53 வாங்கிவிட்டு, கரைப்பான் பற்றி வாய் திறக்காத கூஜா ஃபில்டர்கள் நிறையவே உண்டு.

விஓசி சோதனையில் லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் குளோரோஃபார்ம் கலந்த நீரை விடுகிறார்கள். கார்பனில் டிசிஇயைவிட இது சீக்கிரம் நழுவும். இதைத் தடுத்தால் அதையும் தடுக்கும் என்பது கணக்கு. ஆனால் வினைல் குளோரைடுக்கு இந்தக் கணக்கு செல்லாது. டிசிஇ மண்ணுக்குள் சிதைந்து உண்டாகும் அதைக் கார்பன் சரியாகப் பிடிப்பதில்லை.

எந்த அளவு மாசு வரை இதை நம்பலாம்? டிசிஇக்கு அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அதைச் சில மடங்கு தாண்டிய நீர் என்றால் குடிநீருக்குத் தாராளமாக மாட்டலாம். வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் மரைன் படைத் தளத்தில் 1982இல் குழாயிலேயே லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் டிசிஇ அளந்தார்கள். அங்கேயே இன்னொரு குடியிருப்பில், தளத்துக்கு வெளியே இருந்த டிரை கிளீனிங் கடையின் பிசிஇ 1985இல் 215. அந்த அளவு நீருக்கு இந்தச் சின்னக் குழல் போதாது. கிணற்றை மூடுவதுதான் வழி. டிசிஇ சிறுநீரகப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். கேம்ப் லெஜூனில் இருந்த படைவீரர்களுக்கு, வேறொரு தளத்தில் இருந்தவர்களைவிடப் பார்க்கின்சன் நோய் 70% கூடுதல் என்று 2023இல் வந்த ஆய்வு காட்டியது.

பெரிய குறை கார்ட்ரிட்ஜின் ஆயுள். 500 கேலன் (சுமார் 1,900 லிட்டர்) அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கும். நால்வர் குடிக்க, சமைக்க நாளுக்கு 15 லிட்டர் பிடித்தால் நான்கே மாதத்தில் முடிந்தது. முடிந்துபோனது நாக்குக்குத் தெரியாது. டிடிஎஸ் மீட்டருக்கும் தெரியாது. அது கரைந்த உப்பைத்தான் அளக்கும். வெந்நீர் குழாயில் மாட்டினால் பிடித்ததையே கார்பன் விட்டுவிடும்.

ஆர்ஓ இதைவிட மேல் என்று விற்பார்கள். சின்ன, மின்னூட்டமில்லாத கரைப்பான் மூலக்கூறுகளில் ஒரு பகுதி ஆர்ஓ சவ்வைத் தாண்டிவிடும். அங்கேயும் வேலை செய்வது கூடவே இருக்கும் கார்பன்தான். கொதிக்க வைத்தால் டிசிஇ போகும், சமையலறைக் காற்றுக்கு! ஷவரிலும் இதே கதை. மூச்சு வழியே உள்ளே போவது குடிப்பதற்கு ஈடாகக்கூடும். அதனால் மாசு வரம்பைத் தாண்டியிருந்தால், குளிக்கும் நீருக்கும் சேர்த்து வீட்டு நுழைவிலேயே இரண்டு கார்பன் தொட்டிகளை வரிசையாக வைத்து, நடுவில் மாதிரிக் குழாய் விடுவது நல்லது. முதல் தொட்டியைத் தாண்டி டிசிஇ வரத் தொடங்கியதும், இரண்டாவதை முன்னுக்கு நகர்த்திப் பின்னால் புதிய கார்பன் போடலாம்.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஆய்வகச் சோதனை செய்துவிடுங்கள். குழாய் முனைச் சல்லடையைக் கழற்றி, மெல்லிய தாரையில் 40 மில்லி கண்ணாடிக் குப்பியை விளிம்பு ததும்ப நிரப்புங்கள். உள்ளே அமிலம் போட்டிருப்பார்கள், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். மூடித் தலைகீழாகத் தட்டிப் பார்க்கையில் குமிழி தெரிந்தால் அந்த மாதிரி வீண், ஏனென்றால் டிசிஇ குமிழிக்குள் போய்விடும். பிறகு பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும்.